ஏர் பெட் மோட்டார் பழுது: தூத்துக்குடி பக்கம் சரிசெய்பவர் யாராவது உண்டா?

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (கோயில் வட்டாரம்) ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை சார்பில் நோயாளிகளுக்கு வீல்சேர், வாக்கர், ஏர் பெட் (படுக்கைப் புண் வராமலிருக்க மோட்டாரால் காற்றடிக்கும் படுக்கை) எல்லாம் வாடகை இல்லாமல் கொடுத்து வாங்குகிறோம். அன்பியங்களில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுக்கள்) சேரும் பிடியரிசியை விற்று வாங்கிய பொருட்கள். இருக்கும் ஒரே ஏர் பெட்டின் மோட்டார் இப்போது கோளாறு.

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒரு பாட்டிக்குக் கொடுத்திருந்தோம். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருப்பதை நற்கருணை (பூசையில் தரும் திரு அப்பம்) கொண்டுபோன கன்னியாஸ்திரி சிஸ்டர்தான் பார்த்துச் சொன்னார். விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை. படுக்கைப் புண்ணின் ஆரம்பம் என்கிறார் பங்கிலுள்ள நர்ஸ் அக்கா. பகலில் மரியாயின் சேனை என்ற பங்குச் சபையின் பெண்கள் முறை வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். ராத்திரி மகள் மட்டும்தான். அவரால் தனியாக முடியவில்லை.

மாறி மாறிக் காற்றடிக்கும் இரட்டைக் குழாய் மோட்டார், குமிழ் வகைப் படுக்கை. 2021இல் வாங்கியது, வாரண்டி முடிந்துவிட்டது. லைட் எரிகிறது, ஓடும் சத்தமும் வருகிறது. ஆனால் அரை மணி நேரம் விட்டாலும் ஒரு வரிசைக் குமிழ்தான் உப்புகிறது. குழாய்களை மாற்றிச் செருகினால் அடுத்த வரிசை உப்புகிறது, ஆகவே படுக்கையில் ஓட்டை இல்லை. சோப்புத் தண்ணீர் தடவியும் பார்த்தாயிற்று. மிக்ஸி ரிப்பேர் கடையில் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் ரப்பர் தங்களிடம் கிடையாது என்றார்கள். வாங்கிய கடையில் புதுசு வாங்கச் சொல்கிறார்கள்.

தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் இந்த மோட்டாரைப் பழுது பார்ப்பவரோ, அந்த ரப்பர் தனியாகக் கிடைக்கும் கடையோ யாருக்காவது தெரியுமா?