டெக்சாஸின் ஐந்து தொகுதிகள்: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சனிக்கிழமை

டிசம்பர் 13, 2025

பெரிய மாமா, மதுரை:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த ஆண்டுத் தேர்தலில் டெக்சாஸில் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம் என்று செய்தியில் சொன்னார்கள். வாக்குப்பதிவுக்கு இன்னும் பதினோரு மாதங்கள் இருக்கும்போது எந்தக் கணக்கை வைத்து இப்படிச் சொல்கிறார்கள்? ஆஸ்டினில் இருக்கும் நீதான் விளக்க வேண்டும், அம்மா.

ஆஸ்டின் அக்கா:
வணக்கம் மாமா. இங்கே அமெரிக்கக் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கான தொகுதி எல்லைகளைப் பெரும்பாலான மாநிலங்களில் அந்தந்த மாநிலச் சட்டமன்றமே வரைகிறது. அதாவது, தேர்தலில் நிற்கப்போகும் கட்சியே ஆடுகளத்தின் கோட்டையும் போடுகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு வரைவதுதான் வழக்கம். டெக்சாஸில் 2021இல் வரைந்து முடித்துவிட்டார்கள். அந்த எல்லைகளின்படி 38 இடங்களில் 25 குடியரசுக் கட்சிக்குப் போயின. ஆனால் மொத்தம் 435 இடங்கள் கொண்ட சபையில் 2024இல் அக்கட்சி வென்றது 220 மட்டுமே. 2026 நவம்பரில் அந்தச் சிறு பெரும்பான்மையும் போய்விடக்கூடும் என்ற நிலையில், டெக்சாஸில் இன்னும் ஐந்து இடங்கள் வேண்டும் என்று அதிபர் டிரம்ப் வெளிப்படையாகவே கேட்டார். ஆளுநர் கிரெக் அபாட் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். புதிய கணக்கெடுப்பு எதுவும் இல்லாமலேயே ஆகஸ்டில் புதிய எல்லைகள் சட்டமாகிவிட்டன.

கோவைத் தம்பி:
அக்கா, கோட்டை மாற்றினாலும் வாக்களிக்கப் போவது அதே மக்கள்தானே? முடிவு எப்படி மாறும்?

ஆஸ்டின் அக்கா:
மாறும் தம்பி. எதிர்க்கட்சியின் வாக்காளர்களில் ஒரு பகுதியினரை ஓரிரு தொகுதிகளுக்குள் அடைத்துவிட்டால், அங்கே அவர்கள் எண்பது விழுக்காடு வாங்கி வென்றாலும் கிடைப்பது ஓர் இடம்தான். மீதிப் பேரை நாலைந்து தொகுதிகளில் பிரித்துச் சிதறடித்தால், எங்கேயும் நாற்பது, நாற்பத்தைந்தைத் தாண்ட மாட்டார்கள். விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றத்துக்கு 2018இல் நடந்த தேர்தலைப் பார். ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 53 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார்கள். 99 இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தவை 36. அங்கே யாரும் வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, ஒவ்வொரு வாக்கும் ஒழுங்காகவே எண்ணப்பட்டது. என் மனத்தை அதிகம் உறுத்துவது அதுதான்.

எங்கள் ஆஸ்டின் நகரம் இதை முன்பே பட்டிருக்கிறது. 2003இலும் இதே போல இடையில் எல்லைகளை மாற்றினார்கள். அப்போது உருவான 25ஆம் தொகுதி ஆஸ்டினில் தொடங்கி, குறுகிய பட்டையாகத் தெற்கே மெக்சிகோ எல்லை வரை ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் நீண்டது. இங்கே தண்ணீர்ப் பிரச்சினை, அங்கே எல்லைப் பிரச்சினை, இரண்டுக்கும் ஒரே உறுப்பினர். அந்தத் தொகுதியில் நின்று வென்ற லாயிட் டாகெட் 1995 முதல் காங்கிரஸில் இருப்பவர். இந்த முறை ஆஸ்டினில் ஜனநாயகக் கட்சிக்கு இருந்த இரண்டு தொகுதிகளை ஒன்றாகச் சுருக்கிவிட்டதால், தன் கட்சியின் இளம் உறுப்பினரான கிரெக் காசாருடன் மோத விரும்பாமல் அவர் ஒதுங்கிக்கொள்கிறார். டாகெட் தொகுதியில் இருந்த என் வீடு, நகரத்தை விட்டு வெளியே ஊர்ப்புறங்களுக்குள் வெகுதூரம் நீளும் வேறொரு தொகுதிக்குப் போய்விட்டது.

மதுரை அத்தை:
எதிர்க்கட்சிக்காரர்கள் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டா இருந்தார்கள்?

ஆஸ்டின் அக்கா:
இல்லை அத்தை. டெக்சாஸ் சட்டமன்றத்தின் 150 பேர் கொண்ட கீழவையில் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் நடத்த முடியும் என்பதால், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஆகஸ்ட் 3 அன்று மாநிலத்தை விட்டே வெளியேறினார்கள். பலர் இல்லினாய்ஸ் சென்றார்கள். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 500 டாலர் அபராதம், பிடித்து வருவதற்கு வாரண்ட் என்று நெருக்கடி கூடியது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பியபோது, காவலர் ஒருவர் கூடவே வருவதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அவையை விட்டு வெளியே போகலாம் என்று சபாநாயகர் உத்தரவிட்டார். ஃபோர்ட் வொர்த் உறுப்பினர் நிகோல் கோலியர் கையெழுத்துப் போட மறுத்து, இரவிலும் தன் இருக்கையிலேயே தங்கிவிட்டார். மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு பெண் உறுப்பினர் போர்வையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த அந்தப் படத்தைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆகஸ்ட் 20 அன்று 88க்கு 52 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது.

பெரிய மாமா, மதுரை:
நீதிமன்றம் என்ன சொன்னது? எல்லாத் தொகுதிகளிலும் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று 1964இலேயே தீர்ப்பளித்த நாடு அல்லவா அது? நான் வகுப்பில் அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

ஆஸ்டின் அக்கா:
மக்கள்தொகை இப்போதும் சமமாகத்தான் இருக்கிறது மாமா. கோடு போகும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவது அரசியல் கேள்வி, அதில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. இன அடிப்படையில் வரைவதை மட்டும் இன்னும் எதிர்த்து வழக்குப் போடலாம். அதன் விளைவைப் பாருங்கள். டெக்சாஸ் அரசு நீதிமன்றத்தில் நின்று, நாங்கள் இனம் பார்த்து வரையவில்லை, எங்கள் கட்சி வெல்வதற்காகவே வரைந்தோம் என்று வாதாடியது. அதுவே அவர்களுக்குக் காப்பாகவும் இருந்தது. எல் பாசோவில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இனம் பார்த்தே வரைந்திருப்பதாகத் தெரிகிறது என்று நவம்பரில் இரண்டுக்கு ஒன்று என்று தடை போட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் டிரம்ப் நியமித்த நீதிபதி. டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்துவிட்டது. ஆகவே 2026 தேர்தல் புதிய எல்லைகளின்படிதான் நடக்கும்.

சேக்ரமெண்டோ அண்ணன்:
தங்கச்சி சொன்னதோடு எங்கள் கலிபோர்னியாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கே தொகுதிகளை வரைவது அரசியல்வாதிகள் அல்லர். ஐந்து ஜனநாயகக் கட்சியினர், ஐந்து குடியரசுக் கட்சியினர், இரண்டையும் சேராத நால்வர் என்று பதினான்கு குடிமக்கள் கொண்ட ஆணையம்தான் வரைந்துவந்தது. டெக்சாஸுக்குப் பதிலடியாக, அந்த ஆணையத்தின் வரைபடத்தை 2030 வரை ஒதுக்கிவைத்துவிட்டு, ஜனநாயகக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடும்படி வரைந்த எல்லைகளை ஏற்கலாமா என்று ஆளுநர் நியூசம் மக்களிடமே கேட்டார். நவம்பர் 4 அன்று ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் ஏற்றுக்கொண்டார்கள். நானும் ஆதரித்தே வாக்களித்தேன். எதிரி வாளோடு நிற்கும்போது நாம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அறம் ஆகாது என்பது என் எண்ணம்.

ஆஸ்டின் அக்கா:
உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது அண்ணா, மக்களிடம் கேட்டுச் செய்தது பெரிய வேறுபாடு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வடகிழக்கு மூலையில் மாடு வளர்த்துப் பிழைக்கும் மாடோக் மாவட்டத்து மக்களை, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாலம் கடந்தால் வரும் செல்வச் செழிப்பான மாரின் மாவட்டத்தோடு சேர்த்துவிட்டீர்கள். என் வீட்டுக்கு இங்கே நேர்ந்ததுதான் அவர்களுக்கு அங்கே நேர்ந்திருக்கிறது. அவர்கள் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள் என்பதற்காக அதை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

சேக்ரமெண்டோ அண்ணன்:
அது எனக்கும் வலிக்கிறது, மறுக்கவில்லை. டெக்சாஸ் தொடங்கியிருக்காவிட்டால் நாங்கள் அதைத் தொட்டிருக்கவே மாட்டோம்.

மதுரை அத்தை:
இவர்கள் ஐந்து எடுத்தால் அவர்கள் ஐந்து எடுக்கிறார்கள். இதற்கு முடிவே கிடையாதா? யாருமே வேண்டாம் என்று சொல்லவில்லையா?

ஆஸ்டின் அக்கா:
சொன்னார்கள் அத்தை, நேற்று முன்தினம்தான். இண்டியானா மாநில செனட்டில் 50 பேரில் 40 பேர் குடியரசுக் கட்சியினர். பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்துக்கு உள்ள ஒன்பது இடங்களில் ஏழு ஏற்கெனவே அவர்களிடம் இருக்க, ஒன்பதையும் எடுத்துக்கொள்ளும்படி இண்டியானாபொலிஸ் நகரத்தை நான்கு துண்டுகளாக வெட்டி ஒரு வரைபடம் வந்தது. துணை அதிபர் வான்ஸ் நேரில் போய் வற்புறுத்தினார். எதிர்ப்பவர்களுக்கு அடுத்த முறை கட்சிக்குள்ளேயே போட்டி வேட்பாளரை நிறுத்துவதாக அதிபர் எச்சரித்தார். உறுப்பினர்கள் சிலருக்கு மிரட்டல்களும் வந்தன. அப்படியிருந்தும் குடியரசுக் கட்சியினர் 21 பேர் எதிர்த்து வாக்களிக்க, 31க்கு 19 என்று அது தோற்றது. என் கட்சிக்காரர்கள் அல்லர் அவர்கள். ஆனாலும் இந்த ஆண்டு அமெரிக்காவில் நான் பார்த்த அரசியல் துணிவுகளில் இதையே முதலில் வைப்பேன்.

பெரிய மாமா, மதுரை:
கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. நம் நாட்டில் எல்லை வரையும் பொறுப்பு, உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் தலைமையிலான ஆணையத்திடம் போகிறது. ஜம்மு காஷ்மீரிலும், தேர்தல் ஆணையமே வரைந்த அசாமிலும் சார்பு காட்டியதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்ததை மறக்கவில்லை. ஆனாலும் ஆளும் கட்சி சட்டமன்றத்தில் உட்கார்ந்து தன் தொகுதியைத் தானே வரைந்துகொள்ளும் முறை இங்கே இல்லை. தமிழ்நாட்டில் நாம் அஞ்சுவது இடங்களின் எண்ணிக்கையைப் பற்றி, அது வேறு வழக்கு. அமெரிக்கக் காங்கிரஸே நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் போட முடியாதா?

ஆஸ்டின் அக்கா:
முடியும் மாமா, அரசமைப்பு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. எல்லா மாநிலங்களிலும் சுதந்திர ஆணையம் வேண்டும் என்ற மசோதா 2021இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. கோட்டால் பயனடைந்தவர்களே கோட்டுக்கு எதிராக வாக்களிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

கோவைத் தம்பி:
அப்படியென்றால் நவம்பரில் உங்கள் வாக்குக்கு என்ன மதிப்பு இருக்கும், அக்கா?

ஆஸ்டின் அக்கா:
என் புதிய தொகுதியில் நவம்பரை விட மார்ச் 3தான் முக்கியம், தம்பி. அன்றுதான் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல். குடியரசுக் கட்சி எளிதில் வெல்லக்கூடிய தொகுதியில் அதில் வெல்பவரே ஏறக்குறைய உறுப்பினர் ஆகிவிடுகிறார். அதற்கு வந்து வாக்களிப்பவர்களோ மிகவும் குறைவு. டெக்சாஸில் வாக்காளர்கள் கட்சி வாரியாகப் பதிவு செய்வதில்லை. இரண்டு கட்சிகளில் ஏதேனும் ஒன்றின் சீட்டைக் கேட்டு வாங்கலாம்.

மதுரை அத்தை:
நீ எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்கப் போகிறாய்?

ஆஸ்டின் அக்கா:
எல்லைகளை ஆணையமே வரைய வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லும் வேட்பாளர் குடியரசுக் கட்சிப் பட்டியலில் ஒருவராவது இருந்தால், அந்தச் சீட்டையே கேட்பேன் அத்தை. இல்லையென்றால் எப்போதும் வாங்கும் சீட்டுதான். எங்கள் தெருவில் பல வீடுகளுக்குத் தொகுதி மாறியதே இன்னும் தெரியாது. பிப்ரவரித் தொடக்கத்தில் வாக்காளர் பதிவு முடிவதற்குள் வீடு வீடாகப் போய்ச் சொல்லப் போகிறோம்.

பெரிய மாமா, மதுரை:
பழைய வரைபடம், புதிய வரைபடம் இரண்டையும் இங்கே அனுப்பி வை அம்மா. நான் அச்செடுத்துப் பார்த்துவிட்டு நாளை பேசுகிறேன்.