கான்ஃபிக்கர் புழுவிலிருந்து வீட்டுக் கணினிகளைக் காக்க உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி உள்ள இரண்டு கணினிகள் ஒரே ரவுட்டரில் இணைந்துள்ளன. அவற்றுள் ஒன்றில் மூன்று நாட்களாக மற்ற தளங்களெல்லாம் வழக்கம்போல் திறக்க, மைக்ரோசாஃப்ட் தளமும் வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்களும் மட்டும் திறப்பதில்லை. அச்சகத்துக்குக் கொண்டுபோய் வந்த பென் டிரைவைச் செருகியபோது, கோப்புறையைத் திறப்பதற்கான படம் இரண்டு இடங்களில் தெரிந்தது. மேலே இருந்ததை என் மகள் சொடுக்கிவிட்டாள். 2008 நவம்பர் முதல் கணினிக்குக் கணினி தானாகவே பரவிவரும் கெடுநிரலான கான்ஃபிக்கர் புழுவின் அடையாளங்கள் இவைதாம் என்று அஞ்சுகிறேன்.

2008 அக்டோபர் 23 அன்றே விண்டோஸின் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்எஸ்08-067 திருத்தத்தை நாங்கள் நிறுவாமல் விட்டது பெரும் தவறு. இப்புழு பென் டிரைவில் மட்டுமன்றி, விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் 445ஆம் போர்ட் (வலையமைப்பு நுழைவாயில்) வழியாகவும், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல் கொண்ட கணினிகளுக்கு வலையமைப்பு வழியாகவும் தாவும் என்பதால், இரண்டாவது கணினியின் கேபிளை உடனே கழற்றிவிட்டேன். கணவரின் கணக்குவழக்கு முழுவதும் அதில்தான் உள்ளது.

திருத்தத்தையும், புழுவை நீக்கும் கருவியையும் வேறொரு கணினியில் இறக்கிக் குறுந்தகட்டில் கொண்டுவந்தால் போதுமா? எதை முதலில் செய்ய வேண்டும்? பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரலைத் தானாக இயக்கும் ஆட்டோரன் வசதியை முழுவதுமாக முடக்கும் முறையையும், குடும்பப் படங்கள் உள்ள அந்தப் பென் டிரைவை அழிக்காமல் தூய்மையாக்கும் வழியையும் அனுபவமுள்ளவர்கள் படிப்படியாக எழுதினால் பேருதவியாக இருக்கும். வரும் 2009 ஏப்ரல் 1 முதல் இப்புழு புதிய கட்டளைகளைத் தேடத் தொடங்கும் என்கிறார்கள். அதற்குள் முடித்துவிட விரும்புகிறேன்.