'யெல்லோ' பாடலுக்குச் சுருதி இறக்கினால் கம்பி இரைகிறது: உதவி தேவை

மதுரை நண்பர்களுக்கு வணக்கம். கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பமான 'பாரஷூட்ஸ்' (2000) தொகுப்பிலுள்ள 'யெல்லோ' பாடலை, தங்கையின் திருமண வரவேற்பில் அக்கூஸ்டிக் கிட்டாரில் வாசிப்பதற்காகப் பழகி வருகிறேன். இதற்கு வழக்கமான சுருதி போதாது. நான்காம் கம்பியை டி சுரத்திலிருந்து பி-க்கும், முதல் கம்பியை ஈ-யிலிருந்து டி ஷார்ப்புக்கும் இறக்க வேண்டும். முதல் கம்பியில் சிக்கல் இல்லை. மூன்று அரைச்சுரம் இறங்கிய நான்காம் கம்பிதான் தொய்ந்துபோய், ஃபிரெட்களில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) உரசி, தகரத்தில் மணல் கொட்டியதுபோல் இரைகிறது. (வழக்கமான சுருதியிலேயே வாசித்துவிடு என்கிறார் மைத்துனர், திறந்த கம்பிகளின் அந்த ஒலி இல்லாமல் எனக்கு மனம் ஒப்பவில்லை.) தொய்வைக் குறைக்கச் சற்றுத் தடித்த கம்பியைக் கேட்டால், முழு செட்டாகத்தான் தருவோம் என்கிறார்கள் கடையில். டவுன்ஹால் ரோடு, மாசி வீதிகள் பக்கம் ஒற்றைக் கம்பியாகத் தரும் கடை எதுவும் உண்டா? அவ்வாறு மாற்றினால், நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) கம்பி பதியும் காடியையும் அராவி அகலப்படுத்த வேண்டியிருக்குமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.