நினைவு இருந்தது, நிற்கத்தான் முடியவில்லை

கார்த்திகை மாதம், காலை ஏழு மணி. இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியதுபோல் இருந்தது. அடுத்த நொடி தரையில் கிடந்தேன். கால் தடுக்கவில்லை. கண் இருட்டவில்லை. தலைகூடச் சுற்றவில்லை. பல் உடைந்து உதட்டில் குத்தியதுவரை எல்லாம் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்ததும் தள்ளியது யார் என்றுதான் திரும்பிப் பார்த்தேன். அடுப்படியில் யாருமே இல்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த மாமியார் என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். "அத்தை, வலிப்பு இல்லை, நினைவோடுதான் இருக்கிறேன்" என்றேன். ஆனால் மருத்துவமனையில் கணவர் "மயங்கி விழுந்துவிட்டாள்" என்றார். நானும் தலையாட்டினேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தலை சுற்றினாலும் மயக்கம், பசியில் சோர்ந்தாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம் என்றுதான் நாம் பேசுகிறோம். மருத்துவர் நினைவு தப்பியதாகவே எழுதிக்கொண்டார். இசிஜி, எக்கோ, எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தார்கள். அவை வீண் என்று சொல்ல மாட்டேன். திடீரென விழுந்தவருக்கு இதயத்தையும் மூளையையும் பார்த்தே ஆகவேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்கிக்கொண்டே நான்கு மாதத்தில் மேலும் இரண்டு முறை விழுந்தேன்.

"விழும்போது தரை நெருங்கி வருவது தெரிந்ததா?" என்று கேட்டவர் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர். தெரிந்தது என்றேன். பிறகுதான் பழையதெல்லாம் வெளியே வந்தது. ஆறு வருடமாக இடது காதில் இரைச்சலும் அடைப்பும். அவ்வப்போது வீடே சுழலும். வாந்தியோடு இரண்டு மூன்று மணி நேரம் படுத்துக் கிடப்பேன். பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்துவந்தேன். கேட்புச் சோதனையில், இடது காதுக்குத் தாழ்ந்த சுருதி ஒலிகள் சரியாகக் கேட்கவில்லை. மெனியர் நோய் என்றார். 1861-ல் பாரிஸில் புரோஸ்பர் மெனியர் என்ற மருத்துவர், இத்தகைய சுற்றல் உள்காதிலிருந்தும் வரலாம் என்று எடுத்துக்காட்டினாராம். என்னைப்போல் சட்டென்று விழுவதை 1936-ல் டுமார்கின் என்பவர் விவரித்திருக்கிறார். உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. உடல் நிமிர்ந்திருக்கிறதா, சாய்கிறதா என்று சொல்வது அவைதான். அங்கே அழுத்தம் மாறித் தவறான செய்தி போனால், கால்களைத் தாங்கி நிறுத்தும் கட்டளை ஒரு நொடி குலைந்துவிடுகிறது என்று விளக்கினார்.

மறுமொழி

அக்கா, என் அப்பாவுக்கும் காதுதான் என்றார்கள். ஆனால் அவர் விழுவதில்லை. வலப்பக்கம் புரண்டு படுத்தால் அரை நிமிடம் அறை சுற்றும், பிறகு நின்றுவிடும். அந்தத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டனவாம். எப்லி முறைப்படி தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்தார்கள். இரண்டாவது முறையோடு தீர்ந்தது. காது நோய் எல்லாம் ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுமொழி

சகோதரி, நான் விழுந்தது ஓடும் பைக்கிலிருந்து. பின்னால் என் மகள். கடவுள் புண்ணியத்தில் அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அன்றே சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். உப்பைக் குறைத்தேன், மாத்திரையும் தின்றேன், விழுவது நிற்கவில்லை. கடைசியில் செவிப்பறை வழியாக ஜென்டாமைசின் ஊசி போட்டார்கள். அது கெட்டுப்போன சமநிலை உறுப்பை அடக்கிவிடும். கேட்கும் திறனும் குறையலாம் என்று முன்பே சொல்லித்தான் போட்டார்கள். ஒரு மாதம் சுவரைப் பிடித்தே நடந்தேன். இப்போதும் இருட்டில் கால் தடுமாறும். ஆனால் இரண்டு வருடமாக விழவில்லை.

பதிவிட்டவர்

அண்ணா, உங்கள் மகளை நினைத்து நெஞ்சு பதறிவிட்டது. ஊசியைப் பற்றி அடுத்த வாரம் மருத்துவரிடம் கேட்கப்போகிறேன். ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்திவிட்டேன். கொதிக்கும் எதையும் தூக்குவதில்லை. மாமியார்தான் சோறு வடிக்கிறார். மொட்டைமாடிப் படியில் தனியாக ஏறுவதில்லை. மருத்துவச் சீட்டுகள் வைக்கும் பையில் ஒரு தாளும் வைத்திருக்கிறேன்: "நினைவு தப்பவில்லை. தள்ளியதுபோல் விழுந்தேன். உடனே எழுந்தேன். இடது காதில் இரைச்சல் உண்டு." என் கணவருக்கும் அதை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.