சிற்றூர்க் குடிநீர்த் திட்டத்துக்குக் கூட்டரசு நிதி: தொண்டு நிறுவனங்கள் எதுவரை துணைநிற்கும்?

ஆற்றோரம் கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் 2,000 பேருக்கும் குறைவாக வாழும் ஓர் ஊரின் குடிநீர் வாரியத்தில் ஊதியமில்லா உறுப்பினராக இருக்கிறேன். குழாய்கள் மிகப் பழையவை. அலுவலகத்தில் பகுதிநேர எழுத்தர் ஒருவர் மட்டுமே. வேளாண் துறையின் ஊரக வளர்ச்சிப் பிரிவு கடனும் மானியமும் தருகிறது. ஆனால் விண்ணப்பத்துடன் தொடக்கநிலைப் பொறியியல் அறிக்கை, சுற்றுச்சூழல் ஆய்வு, நிதிநிலைக் கணக்குகள் எல்லாம் வேண்டும் என்கிறார்கள். அவற்றைத் தயாரிக்கவே எங்களிடம் பணமில்லை. இலாப நோக்கற்ற அமைப்புகள் இதில் என்ன செய்து தருகின்றன? எப்போது அணுக வேண்டும்?

குழாய்ப்பாதை:

பொறியாளரை அமர்த்துவதற்கு முன்பே அணுகுங்கள். இத்தகைய அமைப்பு ஒன்றில் களப்பணி செய்திருக்கிறேன். திட்டத்தின் அளவும் செலவும் முடிவான பிறகு எங்களை அழைத்த ஊர்களுக்குப் படிவம் நிரப்புவதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்ய முடிந்ததில்லை. ஆர்.சி.ஏ.பி. எனப்படும் ஊரகச் சமுதாய உதவிக் கூட்டமைப்புக்கு நாடு முழுவதும் வட்டாரக் கிளை அமைப்புகள் உள்ளன. அவற்றின் பணிக்குப் பெரும்பாலும் கூட்டரசே நிதி தருவதால், ஊர்கள் பொதுவாகக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. கசிவு கண்டறிதல், இயந்திரக் கோளாறு போன்றவற்றுக்குத் தேசிய ஊரக நீர்ச் சங்கத்தின் களப்பணியாளர்கள் நேரில் வருவார்கள். பொறியியல் அறிக்கையில் கையொப்பமிடும் பொறுப்பு உரிமம் பெற்ற பொறியாளருடையது. அதைத் தொண்டு நிறுவனம் ஏற்காது. ஆனால் அந்தச் செலவுக்கென்றே 'சர்ச்' (SEARCH) என்ற வேளாண் துறை மானியம் இருக்கிறது. 2,500 பேருக்கு மேற்படாத, வருமானம் குறைந்த ஊர்களுக்கானது அது.

கணக்கர்:

மேலே சொன்னதோடு வருமானக் கணக்கெடுப்பையும் சேர்க்க விரும்புகிறேன். என் கருத்தில் தொண்டு நிறுவனங்கள் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான். மானியத்தின் உச்ச அளவு ஊரின் இடைநிலைக் குடும்ப வருமானத்தை, அதாவது குடும்பங்களை வருமான வரிசையில் அடுக்கினால் நடுவில் வரும் தொகையைப் பொறுத்தது. அது வறுமைக் கோட்டுக்குக் கீழோ, மாநிலத்தின் பெருநகர் சாராப் பகுதிகளுக்கான இடைநிலை வருமானத்தில் 80 விழுக்காட்டுக்குக் கீழோ இருந்தால், மானியம் தகுதியுள்ள செலவில் 75 விழுக்காடு வரை செல்லலாம். அந்த அளவைத் தாண்டி, மாநிலத்தின் அதே இடைநிலை வருமானத்தில் 100 விழுக்காட்டுக்குள் இருந்தால், மானியத்துக்குச் செலவில் 45 விழுக்காடுதான் எல்லை. சிற்றூர்களில் மக்கள்தொகை அலுவலகத்தின் மதிப்பீடு சில வீடுகளின் விடைகளையே சார்ந்திருப்பதால் பிழை வரம்பு மிகவும் அகன்றிருக்கும். அந்த எண் ஊரின் உண்மை நிலையைக் காட்டவில்லை என்று நீங்கள் கருதினால், நடுநிலையான அமைப்பு வீடு வீடாக எடுக்கும் கணக்கெடுப்பை ஏற்கும்படி நிதி அலுவலகத்திடம் கேட்கலாம். வாரியமே எடுத்தால் அந்த நம்பகத்தன்மை இருக்காது.

ஆற்றோரம்:

இருவருக்கும் நன்றி. மானியம் கிடைத்தால் தண்ணீர்க் கட்டணத்தை உயர்த்தாமல் தப்பலாமா? எங்கள் ஊரில் முதியோர் அதிகம் என்பதால் இதுவே என் பெருங்கவலை.

குழாய்ப்பாதை:

பெரும்பாலும் தப்ப முடியாது. மானியத்துடன் கடனும் சேர்ந்தே வரும். அதன் தவணை 40 ஆண்டுகள் வரை நீளலாம். இயக்கச் செலவையும் தவணையையும் கட்டண வருவாய் தாங்கும் என்று காட்டினால்தான் ஒப்புதல் கிடைக்கும். ஆகவே கட்டண ஆய்வையும் அதே அமைப்பிடம் கேளுங்கள். குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குச் சுமை கூடாத அடுக்குமுறையை அவர்களால் கணக்கிட்டுத் தர இயலும். பொதுக்கூட்டத்தில் உங்களுடன் நின்று விளக்கவும் செய்வார்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: சுற்றுச்சூழல் ஆய்வு முடியும்முன் நிலம் வாங்கவோ பணியைத் தொடங்கவோ கூடாது, அவசரத்தில் அப்படிச் செய்தால் நிதித் தகுதியே பறிபோகக்கூடும்.