ஏஆர்இ 5.0 (அமெரிக்கக் கட்டடக்கலைஞர் உரிமத் தேர்வு): பிபிடி, பிடிடி ரெண்டும் பாக்கி. நாலு மாசத்துல எப்படிப் படிக்கறது?

குடந்தை_வரைபடம்:
வணக்கம். வேலை அமெரிக்காவில், இப்போ இருப்பது கும்பகோணத்தில். தை கடைசியில் திரும்பிப் போனதும் மிச்சம் இருக்கற ரெண்டு பிரிவையும், அதாவது பிபிடி (திட்டமிடல், வடிவமைப்பு), பிடிடி (திட்ட மேம்பாடு, ஆவணம்), எழுதணும். பிடிடி ஒரு தடவை போயிடுச்சு. ரிப்போர்ட்ல பொருள்கள்-அமைப்புகள் ஒருங்கிணைப்பும், விதிமுறையும் குறைவுன்னு காட்டுது. என் கேள்வி மூணு. எதை முதல்ல எழுதறது? ஐபிசி (அங்கே பின்பற்றற கட்டட விதித்தொகுப்பு) கணக்குல எந்த எண்களை மனசுல வச்சுக்கணும்? மரச்சட்டச் சுவர், செங்கல் வெனீர் (சுவருக்கு வெளிப்போர்வையா வைக்கற செங்கல்) இதெல்லாம் நம்ம ஊர்ல பார்த்ததே இல்லை, ஆர்சிசி பழகின கண்ணுக்கு அதை எப்படிப் புரிய வைக்கறது?

திருவையாறு_தச்சன்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். பிபிடி முதல்ல, ரெண்டு மூணு வாரம் விட்டு பிடிடி. ரெண்டுலயும் விஷயம் ஒண்ணுதான். பிபிடியில் ‘இந்தக் கட்டடத்துக்கு எந்த அமைப்பு’ன்னு கேப்பாங்க, பிடிடியில் அதே அமைப்போட டீட்டெயிலைக் கொடுத்து ‘எங்கே தப்பு’ன்னு கேப்பாங்க. பிபிடியில் திட்ட ஒருங்கிணைப்புப் பகுதி 32–38 சதவீதம். பிடிடியில் பொருள்-அமைப்பு ஒருங்கிணைப்பு 31–37, வரைபட ஆவணங்கள் 32–38. உங்களுக்குக் குறைஞ்ச பகுதியே தாள்ல மூணுல ஒரு பங்கு வருது. விதிமுறை பிடிடியில் 8–14தான், ஆனா பிபிடியில் 16–22. அதனால விதிமுறையை பிபிடிக்குன்னு படிங்க, பிடிடிக்கு அதுவே போதும்.

பெயிலானா அதே பிரிவை 60 நாள் கழிச்சுத்தான் எழுத முடியும், 12 மாசத்துல மூணு தடவைதான். இந்தக் கட்டுப்பாடு பிரிவுக்குப் பிரிவு தனி, பிபிடி போனாலும் பிடிடியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

நேரம்: ரெண்டுக்கும் 100 கேள்வி, 4 மணி 5 நிமிஷம். கேள்விக்கு ரெண்டரை நிமிஷம்கூட முழுசா இல்லை. பிரேக் எடுத்தா அதுவரை பார்த்த கேள்வியெல்லாம் பூட்டிடும், திரும்பப் போக முடியாது. ‘அப்புறம் பாக்கலாம்’னு கொடி போட்டு வச்சதையெல்லாம் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி முடிச்சிடணும். தப்புக்கு மார்க் கழிக்கறது இல்லை, அதனால எதையும் வெறுமையா விடாதீங்க. ‘பொருந்தும் நான்கைத் தேர்ந்தெடு’ வகையில் நாலும் சரியா இருந்தாத்தான் மார்க், மூணு சரின்னா பூஜ்யம். அதுல போய் ஆறு நிமிஷம் உக்காராதீங்க. என்கார்ப் (தேர்வை நடத்தற அமைப்பு) இணையக் கணக்குல இலவசப் பயிற்சித் தேர்வு இருக்கு, அதை மட்டும் கடைசி மூணு வாரத்துக்கு மிச்சம் வைங்க.

மாயவரம்_ஸ்கேல்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் கலந்துவிடும். தெரிந்த ஒரு கட்டடத்தை எடுத்து எல்லா எண்களையும் அதில் ஓட்டிப் பாருங்கள். நம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் மாடிப் பந்திக்கூடம், 60 × 40 அடி என்று வைத்துக்கொள்வோம்.

2,400 சதுர அடி. மேசை நாற்காலி போட்ட கூடத்துக்கு ஆளுக்கு 15 நிகரச் சதுர அடி, ஆக 160 பேர். (நாற்காலி மட்டும் நெருக்கமாகப் போட்டால் 7, நிற்பவர்களுக்கு 5, வகுப்பறைக்கு 20.) 49ஐத் தாண்டியதால் இரண்டு வெளியேறும் வழி வேண்டும். 500ஐத் தாண்டினால் மூன்று, 1,000ஐத் தாண்டினால் நான்கு.

படிக்கட்டு அகலம் ஆளுக்கு 0.3 இஞ்சு. 160 × 0.3 = 48 இஞ்சு, இரண்டு படிக்கட்டுக்குப் பிரித்தால் தலா 24. இங்கேதான் பலர் 24ஐ விடையாகப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். 50 பேரும் அதற்கு மேலும் இருந்தால் படிக்கட்டின் குறைந்தபட்ச அகலம் 44 இஞ்சு, எனவே 44தான் விடை. கதவு ஆளுக்கு 0.2, தலா 16 வரும். ஆனால் தெளிவகலம் (கதவைத் திறந்தால் கிடைக்கும் வழியின் அகலம்) 32க்குக் குறையக் கூடாது. கணக்கு, குறைந்தபட்சம் இரண்டில் பெரியதே எப்போதும் விடை.

இரண்டு வழிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒரே நெருப்பு இரண்டையும் அடைத்துவிடும். ஆகவே கூடத்தின் மூலைவிட்டத்தில் பாதி தூரமாவது இடைவெளி வேண்டும். மூலைவிட்டம் 72 அடி, பாதி 36 அடி.

படி உயரம் 4 முதல் 7 இஞ்சு, மிதி குறைந்தது 11. நம் வீடுகளில் மிதி 10 வைத்துப் பழகிய கை அங்கே தவறும். சாய்தளம் 1:12, ஒரே ஓட்டத்தில் 30 இஞ்சுக்கு மேல் ஏறக் கூடாது.

பழைய வழிகாட்டி நூல்களில் அலுவலகத்துக்கு ஆளுக்கு 100 சதுர அடி என்று இருக்கும். 2018 ஐபிசி முதல் அது 150. கேள்வியோடு அட்டவணை தந்தால் அட்டவணையையே நம்புங்கள்.

வடவாறு:
மாயவரம் சார், ஒரு திருத்தம். அந்தக் கூடம் ஏ-2 வகை (விருந்து, உணவுக் கூடங்கள்). 100 பேரைத் தொட்டாலே ஸ்பிரிங்க்ளர் (தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்) கட்டாயம். மாடியில் இருப்பதாலும் கட்டாயம். முழுக்க ஸ்பிரிங்க்ளர் போட்ட கட்டடத்தில் இடைவெளி மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும், 36 இல்லை, 24 அடி. கேள்வியில் ‘ஸ்பிரிங்க்ளர்’ என்ற சொல்லே இருக்காது, வகையையும் ஆள் எண்ணிக்கையையும் வைத்து நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்ற மாதிரியும் வரும்.

மாயவரம்_ஸ்கேல்:
சரியான திருத்தம், நன்றி. அகலக் காரணிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: ஸ்பிரிங்க்ளர் மட்டும் இருந்தால் 0.3 மாறாது. குரல்வழி அவசர அறிவிப்பும் சேர்ந்து இருந்தால்தான் படிக்கட்டு 0.2, மற்றவை 0.15 ஆகும்.

வடவாறு:
மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்ம ஊரில் ஒன்பது இஞ்சுச் செங்கல் சுவர்தான் எடையைத் தாங்குகிறது, அதன் பூச்சுதான் மழையைத் தடுக்கிறது. அங்கே வெனீர் செங்கல் எடை தாங்குவதே இல்லை, தண்ணீரையும் முழுக்கத் தடுப்பதில்லை. செங்கலைத் தாண்டி ஈரம் வரும் என்று ஒப்புக்கொண்டு, பின்னால் ஒரு இஞ்சாவது காற்றிடைவெளி விட்டு, அடியில் ஃபிளாஷிங் (நீரை வெளியே திருப்பும் தகடு) வைத்து, அதை ஒட்டி மேலே 33 இஞ்சுக்கு மிகாத இடைவெளியில் வடிதுளை விடுகிறார்கள். துளையைச் சாந்து அடைத்தால் தண்ணீர் தேங்கி மரச்சட்டம் உளுத்துவிடும். ஃபிளாஷிங் செங்கலோடு நின்றுவிட்டால் போதாது, உள்சுவரில் ஏறி நீர்த்தடுப்புத் தாளுக்குப் பின்னால் போக வேண்டும்.

எது மேலே எது கீழே என்று குழம்பினால் கீற்று வேய்வதை நினையுங்கள். இறவாரத்தில் தொடங்கி மேலே போகிறோம், மேல் கீற்று கீழ்க் கீற்றின் மீது படிகிறது. தாள், ஃபிளாஷிங், ஜன்னல் விளிம்பு எல்லாமே அதே முறைதான். படத்தில் தவறான இடத்தைச் சொடுக்கச் சொல்லும் கேள்விகளில் இந்த ஒரு விதியே பாதி வேலையை முடித்துவிடும்.

ஆவித்தடுப்பு அடுத்தது. குளிர் பிரதேசத்தில் வீட்டுக்குள் இருக்கும் ஈரக் காற்று வெளியே போகும் வழியில் சுவருக்குள் குளிர்ந்து நீராகிறது, அதனால் தடுப்பு உள்பக்கம். வெப்ப ஈரப் பிரதேசத்தில் ஓட்டம் தலைகீழ். இங்கே ஏசி அறையில் வினைல் வால்பேப்பர் ஒட்டினால் அதன் பின்னால் பூஞ்சை பிடிப்பது இதனால்தான்: வெளியிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த வினைலில் போய் நிற்கிறது. எனவே கேள்வியில் முதலில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். மினியாபொலிஸ் என்றால் ஒரு விடை, ஹூஸ்டன் என்றால் வேறு.

மண் உங்களுக்குப் பலம். ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் களிமண்ணைப் பற்றி டெல்டாக்காரருக்குச் சொல்லித்தர வேண்டாம், ஹூஸ்டனிலும் அதே தொல்லைதான். இங்கே இல்லாதது உறைபனி. அங்கே மண் உறையும் ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரம் போக வேண்டும். அலகில்தான் சறுக்கும். 60 கிப் (ஒரு கிப் 1,000 பவுண்டு) சுமை, மண் தாங்குதிறன் சதுர அடிக்கு 3,000 பவுண்டு: 60,000 ÷ 3,000 = 20 சதுர அடி, நாலரை அடிச் சதுரம். கிப்பை ஆயிரத்தால் பெருக்க மறந்தால் விடை கேலிக்கூத்தாகும். இங்குள்ள மண் அறிக்கையின் ஒரு கிலோநியூட்டன்/ச.மீ. அங்கே ஏறத்தாழ 21 பவுண்டு/ச.அடி. ஏக்கர் 43,560 சதுர அடி. நம்ம 144 சதுர அடிக் குழி, 100 குழி ஒரு மா என்று பார்த்தால் மூன்று மா 43,200. விடையைச் சரிபார்க்க அந்தக் கணக்கே போதும்.

இன்னொன்று: ‘2×4’ என்ற மரம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை இஞ்சு. டீட்டெயிலில் பரிமாணம் கூட்டும்போது இதை மறந்தால் சுவர்த் தடிமன் பொருந்தாது.

குடந்தை_வரைபடம்:
எல்லாருக்கும் நன்றி. ஒண்ணு போட்டுப் பார்த்தேன். ஸ்பிரிங்க்ளர் இல்லாத பள்ளி, வகுப்பறை 45 × 32 அடி. 1,440 ÷ 20 = 72 பேர், ரெண்டு கதவு. மூலைவிட்டம் 55.2, பாதி 27.6 அடி. கதவு தலா 7.2 இஞ்சு வருது, அதனால 32. சரியா?

மாயவரம்_ஸ்கேல்:
கணக்கு சரி. இரண்டு விட்டுப்போயிற்று: 50 பேரும் அதற்கு மேலும் இருப்பதால் கதவுகள் வெளியேறும் திசையில் திறக்க வேண்டும், பள்ளி என்பதால் அந்தக் கதவில் பூட்டோ தாழோ வைத்தால் அழுத்தினால் திறக்கும் பேனிக் பார்தான் வைக்க வேண்டும். அடுத்ததாக இதே அறையை ஸ்பிரிங்க்ளரோடு போட்டுப் பாருங்கள்.