எலக்ட்ரிக் கிடாருக்குப் பலாமரம் ஆகுமா?

மரத்தூள்:
ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் மாடல் வடிவில் ஓர் எலக்ட்ரிக் கிடார் செய்யப் போகிறேன். அதற்கு வழக்கமான ஆஷ் மரம் எனக்கு எட்டாத விலை. அமெரிக்காவில் எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு அந்த மரங்களை அரித்துக் கொல்கிறது. 2020-இல் ஃபெண்டரே பெரும்பாலான மாடல்களில் ஆஷைக் கைவிட்டது. பாட்டி வீட்டில் இருபது வருடமாகக் காய்ந்த பலாப்பலகை இருக்கிறது. வீணைக்கு ஆகும் மரம் இதற்கு ஆகாதா?

ஆறுகம்பி:
ஆகும். ஆனால் வீணையைக் காரணம் காட்டாதீர்கள். வீணைக் குடம் குடைந்தெடுத்தது. மரம் அதிர்ந்துதான் நாதம் வெளியே வரும். எலக்ட்ரிக் கிடாரில், கம்பிக்கு அடியில் உள்ள பிக்கப் என்ற காந்தச் சுருளின் காந்தப்புலத்தில் எஃகுக் கம்பி அசைவதுதான் சிக்னல். 1930-களின் ரிக்கன்பேக்கர் ‘ஃப்ரையிங் பேன்’ கிடார் வார்ப்பு அலுமினியம். 1950-களின் டேன்எலக்ட்ரோ கிடாருக்கு மேலும் கீழும் மேசனைட் என்ற அழுத்திய மரநார் அட்டை. லியோ ஃபெண்டர் 1949-இல் செய்த மாதிரிக் கிடாரே பைன் மரம்தான்.

ரீங்காரம்:
ஒலியில் மரத்துக்குப் பங்கில்லை என்பதை நான் ஏற்கவில்லை அண்ணா. கம்பி அந்தரத்தில் அசைவதில்லை, இரு முனையையும் மரம்தான் பிடித்திருக்கிறது. ஒரே பிக்கப்பை மகோகனியிலும் பலாவிலும் மாற்றிப் போட்டுக் கேட்டேன். பலாவில் கீழ் ஸ்தாயி இறுக்கமாக இருந்தது.

ஆறுகம்பி:
பிக்கப் உயரத்தை அளந்தீர்களா? கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர் மாறினாலே ஒலி மாறும். கம்பி பழசா புதுசா என்பதும் முக்கியம்.

ரீங்காரம்:
கம்பி புதிது. உயரத்தை அளக்கவில்லை, அது என் தவறுதான். ஆனால் சில ஃப்ரெட்டில் (விரல் வைக்கும் கட்டையில் உள்ள உலோக மேடு) மட்டும் ஸ்வரம் சட்டென்று அடங்கிவிடுகிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்? நெக்கின், அதாவது கிடாரின் கழுத்துக் கட்டையின், சொந்த அதிர்வு அந்த ஸ்வரத்தோடு ஒத்துப்போய்க் கம்பியின் சக்தியை உறிஞ்சுகிறது. மரத்துக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆறுகம்பி:
நெக் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நெக் மெல்லியது, வளையும். அங்கே நேரான ரேகையுள்ள மரம் வேண்டும். 45 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாடி (கிடாரின் உடல் பகுதி) வேறு கதை. மரத்தூள், பாடியின் கன அளவு சுமார் மூன்றரை லிட்டர். பலகையில் ஒரு துண்டை வெட்டி, கன அளவை அளந்து எடை போடுங்கள். அடர்த்தி லிட்டருக்கு 0.6 கிலோ வந்தால் பாடி இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும், தோள் தாங்கும். 0.75 வந்தால் உள்ளே குடைந்து குறைக்க வேண்டும்.

மரத்தூள்:
துண்டு 0.64 காட்டுகிறது. பிரிட்ஜை (கம்பியின் கீழ் முனையைத் தாங்கும் பாகம்) பொருத்தும் திருகு மூன்றை அதில் முடுக்கிப் பார்த்தேன், பிளக்கவில்லை. நெக்குக்கு மேப்பிளே வாங்கிவிடுகிறேன். ரீங்காரம் அண்ணா, முடிந்ததும் பிக்கப் உயரத்தை அளந்து எழுதுகிறேன். உங்கள் மகோகனியிலும் அதே அளவு வைத்துக் கேட்டுச் சொல்லுங்கள்.